உடைந்த ரம்பமும் ஒரு புழுவும்

மழை ஓய்ந்த கரிசல் காட்டில் செருப்போடு இறங்கியவருக்குத் தெரியும்: பத்து அடி நடப்பதற்குள் ஒவ்வொரு காலும் ஒரு படி மண்ணைச் சுமக்கும். 1830களில் அமெரிக்காவின் இல்லினாய் புல்வெளியில் குடியேறிய உழவர்களின் கலப்பைக்கும் இதே கதிதான். கிழக்கு மாநிலங்களிலிருந்து அவர்கள் கொண்டுவந்தவை வார்ப்பிரும்புக் கலப்பைகள். அங்கே மணலும் சரளையும் கலந்த மண். உழ உழ அதுவே இரும்பைத் தேய்த்துத் துடைத்துவிடும். புல்வெளியிலோ மட்கும் களியும் குழைந்த கறுப்பு மண். வார்ப்பிரும்பின் சொரசொரப்பான முகத்தில் அது அப்பிக்கொண்டது. நாலு எட்டுக்கு ஒருமுறை மாட்டை நிறுத்திச் சுரண்டிவிட்டால்தான் சால் நகரும்.

வெர்மான்ட்டிலிருந்து பிழைப்புத் தேடி 1836இல் கிராண்ட் டிட்டூர் என்ற சிற்றூருக்கு வந்தவர் ஜான் டீர். கொல்லர். மறு ஆண்டு, மர அறுவை ஆலையில் உடைந்து கிடந்த எஃகு ரம்பப் பட்டை ஒன்று அவர் கைக்கு வந்தது. பல்லை வெட்டி எறிந்தார். பட்டையை வளைத்துக் கலப்பைக்கு முகமாக்கினார். மெருகேறிய அந்த முகத்தில் மண் ஒட்டவில்லை, வழுக்கிப் புரண்டது. அதே மாநிலத்தில் ஜான் லேன் என்ற கொல்லரும் சில ஆண்டுகள் முன்பே ரம்ப எஃகைக் கலப்பையில் பதித்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பச்சை டிராக்டரில் இன்றும் ஓடுவது டீரின் பெயர்தான்.

இரண்டும் இரும்புதானே, ஏன் இந்த வேற்றுமை? கரிதான் காரணம். வார்ப்பிரும்பில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு கரி இருக்கும். கல்லில் மோதினால் உடையும்; மெருகும் சரியாக ஏறாது. உழவுக் கருவிக்கான எஃகில் கரி ஒரு பங்குக்கும் குறைவு. அடித்து வளைக்கலாம், இழைத்துப் பளபளப்பாக்கலாம், தோய்ச்சல் போட்டுக் கடினமாக்கலாம். நம்மூர் ரொட்டேவேட்டரில் சுழலும் கத்திகள் பலவற்றின் எஃகில் போரான் என்ற தனிமமும் சேர்கிறது. ஒரு லட்சம் பங்கில் இரண்டு மூன்று பங்குதான். சாம்பாரில் பெருங்காயம்கூட அதைவிடத் தாராளம்! ஆனால் காய்ச்சிய கத்தியைத் தோய்க்கும்போது கடினம் மேற்பரப்போடு நின்றுவிடாமல் உள்ளேயும் இறங்குவது அந்தத் துளியால்தான்.

ரம்பம் உழவுக்குப் போன கதை இது. காட்டில் ரம்பத்துக்குப் பாடம் சொன்னது ஒரு புழு.

1940களுக்கு முன்பே இயந்திரச் சங்கிலி ரம்பம் வந்துவிட்டது. பற்கள் மட்டும் பழைய கைரம்பத்தின் சாயலில் மரத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. அவை அடிக்கடி மழுங்கியதால் அரத்தைக் கையிலிருந்து கீழே வைக்க நேரமில்லை. ஆரிகன் காடுகளில் மரம் வெட்டிய ஜோ காக்ஸ், 1946இல் ஒரு மரக்கட்டையில் விரல் பருமனுள்ள வண்டுப் புழுவைக் கண்டார். மரத்தின் இழையோடும் போகிறது, குறுக்கேயும் போகிறது, எங்கும் திணறவில்லை. உற்றுப் பார்த்தால் வளைந்த இரண்டு தாடைகள். இடமும் வலமுமாக மாற்றி மாற்றிச் சீவுகின்றன. அதே வடிவத்தை எஃகில் செய்தார். 1947இல் அந்தச் சங்கிலி விற்பனைக்கு வந்தது. இன்றைய சங்கிலிகளிலும் பற்கள் இடம், வலம் என்றே மாறி மாறி வருகின்றன.

அந்தப் பல்லில் எனக்குப் பிடித்தது அதன் மேல்தோல். உள்ளே எஃகு, மேலே மெல்லிய குரோமியப் பூச்சு. உருண்டை அரத்தால் உட்புறமிருந்து தேய்த்தால் எஃகு கரையும். கடினமான குரோமியம் விளிம்பில் நின்று கூராகும். கொழுவுக்கு மெருகேற்றும் மண் இதற்கு எமன். ஓடும் சங்கிலி ஒரு நொடி தரையை உரசினால் போதும், கூர் போய்விடும். அதைக் கண்டுபிடிக்கப் பல்லைத் தடவிப் பார்க்க வேண்டியதில்லை. ரம்பத்திலிருந்து பறப்பது சீவலாக இருக்கும்வரை சரி. மாவாக உதிர்ந்தால், நிறுத்திவிட்டு அரத்தைத் தேடலாம்.