நடந்தால் கவனம் கூடும்!

"போன் அடிச்சுதுங்க, பேசப் போனேன்... பால் பொங்கிப் போச்சுங்க!" அறுபதைத் தாண்டியவர்கள் இருக்கும் கோவை வீடுகளில் இந்தப் புலம்பல் சகஜம். வயசானா அப்படித்தான் என்று விட்டுவிடலாமா?

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், உடற்பயிற்சியே செய்யாத 60 முதல் 75 வயதுக்காரர்கள் 124 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் ஆறு மாதம் நடந்தார்கள். மற்றவர்கள் கை, காலை நீட்டி மடக்கினார்கள். 1999-ல் முடிவு வெளியானது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, வேண்டாததை ஒதுக்குவது, சட்டென நிறுத்துவது... மூன்றிலும் நன்கு தேறியவர்கள் நடந்தவர்களே! மனசுக்குக் கடிவாளம் போடும் முன்மூளையின் வேலை இது.

ரேஸ்கோர்ஸ் போக முடியாதா? உங்கள் தெருவே போதும். பேச முடியணும், பாட முடியக்கூடாது... அதுதான் சரியான வேகம். தினம் 30 நிமிடம், வாரம் 5 நாள். இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். மறதி வரவர அதிகமானால் நடையை மட்டும் நம்பாதீர்கள்; உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.