டைன்ஹாம்

டைன்ஹாம் என்பது இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் மாவட்டத்தில் உள்ள ஆளற்ற சிற்றூர் ஆகும். இரண்டாம் உலகப் போரின்போது 1943ஆம் ஆண்டில் இராணுவப் பயிற்சிக்காக இவ்வூர் மக்கள் வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்த பிறகும் அவர்கள் திரும்ப அனுமதிக்கப்படவில்லை.

அமைவிடம்

பர்பெக் தீவு என அழைக்கப்படும் தீபகற்பத்தில் டைன்ஹாம் அமைந்துள்ளது. வடக்கே சுண்ணக்குன்றுத் தொடரும் தெற்கே சுண்ணாம்புப் பாறை மேடும் எல்லையாக உள்ள இப்பள்ளத்தாக்கு மேற்கே வோர்பரோ விரிகுடாவில் முடிகிறது. உழவும் கால்நடை வளர்ப்பும் ஊரின் முதன்மைத் தொழில்களாக இருந்தன. விரிகுடாக் கரையில் சில குடும்பங்கள் மீன்பிடித்து வாழ்ந்தன.

வரலாறு

1086ஆம் ஆண்டின் நிலக்கணக்கெடுப்பான டூம்ஸ்டே நூலிலேயே இவ்வூர் குறிப்பிடப்பட்டுள்ளது. புனித மேரி தேவாலயத்தின் பழைய பகுதிகள் இடைக்காலத்தைச் சேர்ந்தவை. ஊரின் நிலங்களும் வீடுகளும் பாண்ட் குடும்பத்தினரின் பண்ணையைச் சேர்ந்தவை. ஊரார் பெரும்பாலும் வாடகைக் குடிகளே. வேலை தேடிப் பலர் வெளியூர் சென்றதால் மாணவர் எண்ணிக்கை குறைந்து, 1932இல் பள்ளி மூடப்பட்டது.

வெளியேற்றம்

அருகிலுள்ள லல்வொர்த்தில் முதலாம் உலகப் போர்க் காலம் முதலே பீரங்கி வண்டிகளுக்கான சுடுகளம் இருந்து வந்தது. நேச நாட்டுப் படைகளின் பயிற்சிக்காக அதனை விரிவாக்க முடிவு செய்யப்பட்டது. 1943 நவம்பரில் ஊராருக்கு அறிவிப்புக் கடிதங்கள் வந்தன. கிறித்துமசுக்கு முன்பே அனைவரும் வெளியேற வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 225 பேர் இடம்பெயர்ந்தனர். தேவாலயத்தையும் வீடுகளையும் கவனமாகப் பேணுமாறும், தாங்கள் ஒருநாள் திரும்பி வருவோம் என்றும் படைவீரர்களுக்கு எழுதிய ஒரு குறிப்பு தேவாலயக் கதவில் விட்டுச்செல்லப்பட்டது.

இது தற்காலிக ஏற்பாடு என்றே மக்கள் நம்பினர். ஆனால் 1948இல் அரசு இந்நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தி, இராணுவத்தின் பயன்பாட்டில் நிலைப்படுத்தியது. வாடகைக் குடிகளுக்கு நிலத்தின்மீது உரிமை இல்லாததால், மீட்டுத் தருமாறு கோர அவர்களிடம் வலுவான சட்டப் பிடி இருக்கவில்லை. வில்ட்சயரில் அதே ஆண்டு காலிசெய்யப்பட்ட இம்பர் என்ற ஊருக்கும் இதே நிலை ஏற்பட்டது.

இன்றைய நிலை

எலிசபெத் காலத்து மாளிகையான டைன்ஹாம் இல்லத்தின் பெரும்பகுதி 1960களில் இடிக்கப்பட்டது. 1968இல் ஊரை மீட்பதற்கான இயக்கம் தொடங்கியது. ஊர் மீளவில்லை எனினும், 1970களில் இருந்து பெரும்பாலான வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும் பொதுமக்கள் அனுமதிக்கப்படுகின்றனர். தேவாலயமும் பள்ளியும் காட்சிக்கூடங்களாகப் பேணப்படுகின்றன. பெரும்பாலான வீடுகள் கூரையற்ற சுவர்களாக நிற்கின்றன.

நவீன வேளாண்மையும் கட்டடங்களும் நுழையாததால் பள்ளத்தாக்கில் காட்டுச் செடிகளும் பறவைகளும் செழித்துள்ளன. மக்களை வெளியேற்றிய அதே தடையே இயற்கைக்குக் காப்பாகவும் அமைந்துவிட்டது.