சித்தூரும் திருப்பதியும்: தொலைவும் நேரமும்

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள் ஊர்ப்பயணம் பற்றி எழுப்பும் வினா, பெரும்பாலும் 'எவ்வளவு தூரம்?' என்பதன்று, 'எப்பொழுது போய்ச் சேரலாம்?' என்பதே. தொலைவும் நேரமும் ஒன்றையொன்று பின்தொடர்வன போலத் தோன்றும். உண்மை அவ்வாறன்று. சித்தூரையும் திருப்பதியையும் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம்.

நிலப்படத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தால், இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 57 கிலோமீட்டர். பழைய கணக்கில் 35 மைல். பறவைக்கு அவ்வளவுதான். சாலையோ சுமார் 70 கிலோமீட்டர் நீள்கிறது. இருப்புப்பாதையின் போக்கு இன்னும் வேடிக்கையானது. திருப்பதி வடகிழக்கில் இருக்க, சித்தூரிலிருந்து புறப்படும் இரயில் முதலில் வடக்கு நோக்கிப் பாகாலா சந்திப்புக்குச் சென்று, பின்னரே கிழக்கே திரும்பிச் சந்திரகிரி வழியாகத் திருப்பதியை அடைகிறது. 1911 முதல் ஒரே மாவட்டத்தில் இருந்த இவ்வூர்கள், 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது பிரிந்தன.

இனி விமானக் கணக்குக்கு வருவோம். ஐதராபாத்தில் பணிபுரியும் ஒருவருக்கு, சித்தூரில் தாயார் நோய்வாய்ப்பட்டிருக்கிறார் என்று செய்தி வருகிறது. சித்தூரில் பயணிகள் விமான நிலையம் இல்லை. திருப்பதிக்கு அடுத்த ரேணிகுண்டாவில்தான் இறங்கவேண்டும். ஐதராபாத்துக்கும் ரேணிகுண்டாவுக்கும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 420 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் விமானத்துக்கு அரைமணிப் பயணம் அன்றோ எனலாம். ஆயினும் அட்டவணையில் ஒரு மணிக்கு மேல் காண்கிறது. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வது முதல் இறங்கி நிற்பது வரை அக்கணக்கில் அடக்கம். தரையில் ஊர்வதும், மேலேறுவதும், முறைக்குக் காத்து இறங்குவதும் நேரத்தை விழுங்குகின்றன. முழு வேகத்தில் பறக்கும் நேரம் சிறிதே.

காற்றும் கணக்கில் சேரும். அமெரிக்காவில் நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலிசுக்கும் இடையே சுமார் 3,980 கிலோமீட்டர். மேற்கே செல்ல ஆறு மணி நேரம் ஆனால், கிழக்கே திரும்ப ஐந்தரை மணியளவே ஆகும். உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் கடுங்காற்றே காரணம். நம் குறுகிய பயணத்தில் இவ்வேறுபாடு சில நிமிடங்களைத் தாண்டுவதில்லை.

நம்மவரின் இடர் தரையில்தான் இருக்கிறது. வீட்டிலிருந்து சம்ஷாபாத் செல்ல ஒரு மணி. அங்கே காத்திருக்க ஒன்றரை மணி. ரேணிகுண்டாவிலிருந்து சித்தூருக்கு 85 கிலோமீட்டர் சாலையில் இரண்டு மணி. ஆக, 420 கிலோமீட்டர் பறந்ததைவிட, எஞ்சிய 85 கிலோமீட்டருக்கே கூடுதல் நேரம் ஆகிறது. மொத்தம் ஆறு மணிக்குக் குறையாது. இரவுப் பேருந்துக்கோ இரயிலுக்கோ சுமார் பன்னிரண்டு மணி.

ஆகவே காலையில் செய்தி வந்தால் விமானமே நன்று. கடைசி விமானம் புறப்பட்ட பின் மாலையில் வந்தால், விடியட்டும் என்று காத்திருப்பவரைவிட, அன்றிரவே பேருந்தில் ஏறியவர் தாயாரை முன்னதாகக் காண்பார். தில்லி, மும்பையிலிருந்து வருவோர், திருப்பதி விமானத்தில் இடம் இல்லையெனில் சென்னையில் இறங்கலாம். அங்கிருந்து சித்தூர் 150 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சாலைவழி மூன்றரை மணியளவு.