பிங்கேல் வனத்துத் தபசி

இங்கிலாந்தின் வடபாகத்திலே, டர்ஹாம் நகரத்திற்குச் சில மைல் தொலைவில், வியர் என்னும் ஆறு மரஞ்செறிந்த கரைகளுக்கிடையே வளைந்து திரும்பும் ஓரிடத்திற்குப் பிங்கேல் என்று பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அங்கே ஏகாந்தவாசம் செய்து, 1170ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் தேதி உயிர் நீத்த காட்ரிக் என்பவருக்கு ரோமாபுரித் திருச்சபை முறைப்படி அர்ச்சிஷ்ட பட்டம் வழங்கவில்லை. ஆயினும் அப்பிரதேசத்து ஜனங்கள் அவரை அர்ச்சிஷ்டவர் என்றே சொல்லி வந்திருக்கிறார்கள்.

நார்மானியர் இங்கிலாந்தை வெல்வதற்குச் சற்று முன்னர், 1065ஆம் ஆண்டையொட்டி, நார்போக் பகுதியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இளம் பிராயத்தில், கடல் வற்றிய வேளையில் கரையில் ஒதுங்கும் பொருள்களைத் தேடிச் சென்றவர், மணலில் கிடந்த மூன்று ஓங்கில்களைக் கண்டார். இரண்டுக்கு உயிர் இருந்தது. ஒன்று செத்துக் கிடந்தது. வீட்டில் பசியிருந்தும், உயிருள்ளவற்றைத் தொட மனம் வராமல், செத்ததில் மட்டும் ஒரு துண்டை அறுத்துத் தோளில் சுமந்து திரும்பும்போது, கடல் பொங்கித் தலைக்கு மேல் ஏறிவிட்டதாகவும், நீருக்குள்ளேயே நடந்து கரை சேர்ந்து அவ்விறைச்சியைப் பெற்றோரிடம் ஒப்படைத்ததாகவும் சரித்திரம் சொல்லுகிறது. நீருக்குள் நடந்த அதிசயத்தைக் காட்டிலும், உயிருள்ள இரண்டையும் விட்டு வந்த அந்தச் சிறுவனுடைய உள்ளமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பின்னாளைய தபசியை அந்தக் கடற்கரையிலேயே நாம் பார்த்துவிடுகிறோம்.

ஆயினும் தபசியாவதற்கு முன் அவர் வெகுகாலம் வியாபாரியாக இருந்தார். மூட்டை சுமந்து கிராமந்தோறும் விற்றவர், பின்னர் கடலோடியாகி, ஸ்காட்லாந்து, டென்மார்க், பிளாண்டர்ஸ் ஆகிய தேசங்களுக்குச் சரக்கேற்றிச் சென்று, ஒரு கப்பலில் பாதிப் பங்கும் இன்னொன்றில் கால் பங்கும் வாங்குமளவுக்குச் செல்வம் சேர்த்தார். 1102ஆம் ஆண்டில் ஜெருசலேம் மன்னன் பால்ட்வினைத் தன் கப்பலில் யாப்பா துறைமுகத்திற்குக் கொண்டு சேர்த்த ஆங்கிலக் கடற்கொள்ளைக்காரன் ஒருவனைப் பற்றி அக்காலத்து வரலாறு பேசுகிறது. பெயர் ஒத்திருப்பதால் அவனும் இவரும் ஒருவரே என்று கருதுவோர் உண்டு.

இந்தக் கடல் யாத்திரைகளுக்கிடையே, ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னே கத்பெர்ட் முனிவர் தனித்திருந்து தவம் புரிந்த பார்ன் தீவுக்குச் சென்ற காட்ரிக், அந்தப் பாறைகளின் மேல் நின்று கண்ணீர் விட்டார் என்பார்கள். அது முதல் லாபத்தில் அவருடைய மனம் தரிக்கவில்லை. ஜெருசலேமுக்கும், ஸ்பெயின் தேசத்துக் கொம்போஸ்தெல்லாவுக்கும், பலமுறை ரோமாபுரிக்கும் தீர்த்த யாத்திரை சென்றார். ஒரு முறை முதிய தாயாரையும் உடன் அழைத்துச் சென்றார். கடைசியில் சம்பாதித்ததையெல்லாம் ஏழைகளுக்குப் பங்கிட்டுவிட்டு, உல்சிங்காமில் ஏல்ரிக் என்னும் முதிய தபசிக்கு அவருடைய மரணம் வரையில் பணிவிடை செய்தார். அதன் பின்னர் டர்ஹாமில் பள்ளிச் சிறுவர்களின் நடுவே, வயது வந்த அந்த மாலுமி உட்கார்ந்து சங்கீதங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டார். டர்ஹாம் மேற்றிராணியார் ரானல்பின் வேட்டைக் காடாகிய பிங்கேலில் குடிசை கட்ட அனுமதி கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

அவருடைய ஒறுத்தல்கள் கடுமையானவை. மயிர்ச்சட்டையின் மேல் இரும்பு வளையச் சட்டை, சாம்பல் கலந்த வாற்கோதுமை ரொட்டி, தலைக்குக் கல், குளிர்காலத்து இரவுகளில் வியர் ஆற்றில் கழுத்தளவு நீரில் நின்று செபம். இவற்றை வியப்போடு படிக்கிறோம். ஆனால் நம்மை அவரிடத்தில் ஈர்ப்பவை வேறு. குளிர் காய வந்த பாம்புகளை அடுப்பண்டை இருக்கவிட்டார். அவை செபத்திற்கு இடையூறாவதை உணர்ந்த பின்னரே, இனி வரவேண்டாமென்று பக்குவமாகச் சொல்லியனுப்பினார். கீரைப் பாத்தியை மேய்ந்த முயலைக் கண்டித்துவிட்டு, அதன் முதுகிலேயே ஒரு கட்டுக் கீரையை வைத்துக் கட்டி விடுவித்தார். ஒருநாள், மேற்றிராணியாரின் பரிவாரத்து வேட்டைக்காரர் துரத்திவந்த கலைமான் ஒன்று நடுநடுங்கிக் கொண்டு அவருடைய குடிசை வாயிலில் வந்து நின்றது. அதை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். வேட்டைக்காரர் வந்து மான் எங்கே என்று கேட்டபோது, அடைக்கலம் புகுந்த விருந்தினரைக் காட்டிக்கொடுக்க மனமின்றியும், பொய் சொல்ல நாவெழாமலும், அது இருக்குமிடம் ஆண்டவருக்குத் தெரியும் என்ற கருத்தில் மறுமொழி சொன்னார். அவருடைய முகத்தைப் பார்த்த அவர்கள் மன்னிப்புக் கேட்டுத் திரும்பினார்கள். மாலையில் அவிழ்த்துவிடப்பட்ட அம்மான் பின்னர்ப் பல ஆண்டுகள் அவரைத் தேடி வந்து காலடியில் படுத்திருந்து போகுமாம்.

வெளியுலகமும் அவரைத் தேடிவந்தது. கான்டர்பரிப் பேராயர் தாமஸ் பெக்கெட் அவரிடம் ஆலோசனை கேட்டனுப்பினார். மூன்றாம் அலெக்ஸாந்தர் பாப்பரசர் அவருடைய செபத்தை வேண்டினார். ஆனால் டர்ஹாம் மடத்துத் துறவி ரெஜினால்டு அவருடைய சரித்திரத்தை எழுத முன்வந்தபோது, தம்மைப் போன்ற பாவியின் கதையில் எழுதுவதற்கு என்ன இருக்கிறதென்று காட்ரிக் சினந்து, தம் இளமைக் குற்றங்களையெல்லாம் தாமே அடுக்கினார். பொறுமையாகக் காத்திருந்தே ரெஜினால்டு அவருடைய நினைவுகளைச் சிறிது சிறிதாகப் பெற்றார்.

அந்தப் பொறுமைக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. தேவமாதா தரிசனத்தில் தோன்றி, துன்பம் நேரும்போதெல்லாம் பாடும்படி ஒரு பாடலை இசையோடு தமக்குக் கற்பித்ததாகக் காட்ரிக் சொன்னார்; மரித்துப்போன தம் தங்கை பர்க்வென்னின் ஆன்மா பாடக் கேட்ட பாடல் இன்னொன்று; கடலோடிகளின் பாதுகாவலராகிய நிக்கோலாஸ் அர்ச்சிஷ்டவரைப் பற்றியது வேறொன்று. படித்தவர் லத்தீனில் எழுத, ஆட்சியாளர் பிரெஞ்சில் பேச, ஆங்கிலம் குடியானவர் பேச்சாய் ஒதுங்கியிருந்த காலத்தில் அவர் தம் தாய்மொழியிலேயே பாடினார். இசைக்குறிப்புடன் இன்றைக்குக் கிடைக்கும் ஆங்கிலப் பாடல்களுள் மிகப் பழையவை அவையே. சபையேறிய எந்தப் புலவனுடைய பாட்டுக்கும் கிட்டாத அந்த முதலிடம், சிறுவர்களோடு உட்கார்ந்து எழுத்துக் கற்ற ஒரு கப்பல்காரருடைய சிறு பாடல்களுக்குக் கிடைத்தது என்பதை நினைக்குந்தோறும் என் உள்ளம் நெகிழ்கிறது.

அவர் மறைந்த பின்னர் டர்ஹாம் துறவிகள் அவ்விடத்தில் ஒரு மடத்தைக் கட்டினார்கள். எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் அதுவும் கலைக்கப்பட்டது. இப்போது கூரையில்லாத சுவர்களும் தூண்களும் ஆற்றங்கரையில் நிற்கின்றன. அந்த மடத்துப் பெரிய கோவிலின் தரையில், காட்ரிக் செபம் செய்த ஸ்நாபக அருளப்பர் சிற்றாலயம் இருந்த இடத்தைப் புல்லுக்கிடையே அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள்.