நெய்தவரே விலை சொல்லும் தறி

மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்தில் டியோட்டிட்லான் டெல் வாயே என்ற சபோடெக் பழங்குடி ஊர் கம்பளி விரிப்புகளுக்குப் பெயர்போனது. அந்த விரிப்புகளின் மரபான சிவப்பு, சப்பாத்திக்கள்ளியில் அப்பிக்கிடக்கும் கொச்சினீல் பூச்சியிலிருந்து வருகிறது. பெண் பூச்சிகளை உலர்த்தி, அம்மி போன்ற கல்லில் மாவாக அரைத்து, நீரில் கொதிக்கவைத்து நூலைத் தோய்க்கிறார்கள். எலுமிச்சைச் சாறு விட்டால் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாயும். சுண்ணாம்பு கலந்தால் ஊதாவாகும். நீலத்துக்கு அவுரி. ஸ்பானியர் ஆட்சிக் காலத்தில் மெக்சிகோவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சரக்குகளில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இந்தப் பூச்சிக்குத்தான். இத்தனை நுணுக்கமான தொழில் பிழைத்திருக்க, அதன் வருமானம் தறியில் உட்கார்ந்தவருக்குப் போய்ச்சேர வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் முக்கியமாவது அதனால்தான்.

ஆட்டுக் கம்பளியும் மிதிதறியும் 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரோடு வந்தவை. அதற்கு முன் இடுப்புத்தறியில் பருத்தி நெய்தார்கள். மிதிதறி நெடுங்காலம் ஆண்கள் கையில் இருந்தது. 1942 முதல் 1964 வரை நடந்த பிராசேரோ ஒப்பந்தத்தின்கீழ் ஆண்கள் அமெரிக்கப் பண்ணைகளுக்குக் கூலி வேலைக்குப் போனபோது, பெண்கள் பலர் தறியில் உட்கார்ந்தார்கள். ஆனால் விற்பனை பெரும்பாலும் வியாபாரிகளிடமும் குடும்பத்து ஆண்களிடமுமே இருந்தது. 1980-களிலிருந்து பெண்கள் சங்கங்களாகத் திரண்டு, தங்கள் விரிப்புகளைத் தாங்களே விற்கத் தொடங்கியது இந்த நிலையை மாற்றத்தான். விதவைகளும் மணமாகாதவர்களும் சேர்ந்து நடத்தும் ‘வீதா நுவேவா’ அவற்றில் ஒன்று; அந்தப் பெயருக்குப் புதுவாழ்வு என்று பொருள்.

சங்கம் சிறியது, பெரிய ஆர்டர்களை ஏற்க முடியாது, வியாபாரிக்குத்தான் வெளிநாட்டுச் சந்தை தெரியும் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. வியாபாரிகள் இல்லாமல் இந்த விரிப்புகள் இவ்வளவு தூரம் போயிருக்காது. ஆனால் சந்தையின் விருப்பத்துக்கு மட்டும் நெய்தால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. அமெரிக்க வியாபாரிகள் கேட்டார்கள் என்று நவஹோ பழங்குடியினரின் கோலங்களை இங்கே நெய்தார்கள். பிறகு வியாபாரிகள் சபோடெக் கோலங்களையே இந்தியத் தறிகளில் குறைந்த செலவில் நெய்வித்து, அதே அமெரிக்கச் சந்தையில் இறக்கினார்கள். விலையை மட்டும் பார்க்கும் வியாபாரத்துக்கு எந்த ஊர்த் தறியும் ஒன்றுதான். கூட்டுறவு வெளியிலிருந்து வந்த யோசனை என்று ஒதுக்கவும் முடியாது. ஒரு வீட்டின் திருமணத்துக்குக் கொடுத்த உணவையும் உழைப்பையும் கணக்கு வைத்து, தம் வீட்டு விசேஷத்தில் திரும்பப் பெறும் ‘கெலகெட்சா’ இவர்களுடைய பழைய வழக்கம். சங்கத்துக்கான அடித்தளம் ஊருக்குள்ளேயே இருந்தது.

பழங்குடி மக்களின் பண்பாட்டுச் சொத்தைக் காக்க மெக்சிகோ 2022-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அது வேண்டியதுதான், ஆனால் கோலத்தைக் காத்தால் மட்டும் நெய்பவரின் அடுப்பு எரியாது. பூச்சியை அரைத்த பெண்ணே தன் விரிப்புக்கு விலை சொல்லும்போதுதான் அவள் மகளும் அந்தத் தறியில் உட்கார முன்வருவாள்.