மூன்றாம் நாள் எடுத்த ரத்தம்

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிப் பக்கம் ஒரு டீக்கடை. உடனிருந்தவர் திண்டிவனத்துத் தம்பி, மினி லாரி ஓட்டுகிறார். லேபில் ரத்தம் பார்க்கிறவன் நான் என்று தெரிந்ததும், மஞ்சப்பையிலிருந்து அவர் அம்மாவின் ஃபைலை எடுத்தார்.

"அண்ணே, கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ணின மூணாம் நாளே சுகர் 270ன்னாங்க. எங்க பரம்பரையில யாருக்கும் கிடையாது. கத்தி வச்சதாலதானே வந்தது? கையெழுத்துப் போட்டது நான்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஆபரேஷன் சமயத்தில் சுகர் ஏறுவது உண்மைதான். வலியிலும் பயத்திலும் உடம்பு அட்ரினலின், கார்டிசால் இரண்டையும் கூடுதலாகச் சுரக்கும். அவை கல்லீரலில் உள்ள சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். அப்படி ஏறியது பெரும்பாலும் உடம்பு தேறத் தேற இறங்கிவிடும். அதனால் 270ஐ மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. நான் தேடியது வேறொரு தாள். அதுவும் ஃபைலில் இருந்தது. அதே மூன்றாம் நாள், ஊதா மூடி டியூபில் எடுத்த ரத்தம். எச்பிஏ1சி 8.6.

சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். ரத்தத்தில் ஓடும் சர்க்கரை அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டே வரும். அப்படி ஒட்டியதன் அளவுதான் எச்பிஏ1சி. கையிலிருந்த கிளாஸைக் காட்டினேன். தேய்த்துக் கழுவாமல் மூன்று மாதம் டீ ஊற்றினால் அடியில் கறை படியுமே, அதுபோலத்தான். இன்றைக்கு ஊற்றிய டீயில் அந்தக் கறை வராது. 6.5 தொட்டாலே சர்க்கரை நோய் என்பது கணக்கு.

"அப்ப ரத்தம் ஏத்தினாங்களா?"

"இல்லண்ணே."

ஏற்றியிருந்தால் இந்த எண்ணை நம்ப முடியாது. வேறொருவர் அணுக்கள் கலந்திருக்கும். மாதக்கணக்கில் உதிரம் போய் இரும்புச்சத்து குறைந்தாலும் எண் சற்றுக் கூடலாம், ஆனால் 8.6க்கு அது மட்டும் காரணமாகாது.

கத்தியால் வரும் நோயும் உண்டு. கணையத்தை வெட்டி எடுத்தால் சுகர் வரும். தைராய்டை முழுதாக எடுத்தால் ஆயுளுக்கும் மாத்திரைதான். கர்ப்பப்பை இன்சுலின் சுரப்பதில்லை.

"தாத்தா எப்படிப் போனார்?"

"அவருக்கு ஒரு நோயும் கிடையாதுண்ணே. கால்ல முள்ளு குத்தின புண்ணு ஆறவேயில்ல..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

அது சுகர்தான் என்று நான் சொல்லவில்லை. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சென்னை ஸ்டான்லியில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனி கிளினிக் தொடங்கியதே 1948இல்தான். பரம்பரையில் இல்லை என்று நாம் சொல்வதில் பாதி, பரிசோதிக்காமல் போனவர்களின் கணக்கு. வழிவழியாக வருவதும் நோய் வருவதற்கான வாய்ப்புதான். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், எல்லைக்கோட்டில் இருந்தவர்கள் நடையையும் சாப்பாட்டையும் மாற்றியதாலேயே நோயாக முற்றுவது சுமார் 28 சதவீதம் குறைந்தது.

"அம்மா மாத்திரை போடுறாங்களா?"

"ஆபரேஷன் சுகர்தானே, உடம்பு தேறினா போயிடும்னு நிறுத்திட்டாங்க."

எனக்குப் பகீரென்றது. "நாளைக்குக் காலையில டீகூடக் குடிக்காம அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. டாக்டரைப் பார்க்கட்டும். நீங்களும் கையை நீட்டுங்க தம்பி."

ஃபைலை மஞ்சப்பையில் வைத்துவிட்டு போனை எடுத்தார்.

"அம்மா, அந்த மாத்திரை அட்டையை எங்க வச்சிருக்க?"