மோட்டார் வண்டியின் மெருகு

நிழலில் நிற்கும்போது புதிது போலத் தோன்றும் மோட்டார் வண்டி, வெயிலுக்கு வந்தவுடன் சிலந்தி வலை படர்ந்தது போலக் காட்சியளிப்பதை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்டவட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். உண்மையில் அவை வட்டக் கோடுகள் அல்ல. எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகக் கிடக்கும் நுண்கீறல்களுள், ஒளியை நம் கண்ணை நோக்கித் திருப்பக்கூடியவாறு அமைந்தவை மட்டுமே புலனாகின்றன; அவை ஒன்றுசேர்ந்து வட்டம் போல மயக்குகின்றன. புழுதி படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைப்பதும், ஒரே வாளி நீரில் துணியைத் திரும்பத் திரும்ப நனைத்துக் கழுவுவதும் இக்கீறல்களுக்கு முக்கிய காரணங்களாகும்.

இக்குறையை நீக்குவதற்கு வேலைத்தலங்களிற் செய்யப்படுவதே ‘கட் அண்ட் பொலிஷ்’ என்னும் முறை. இதன் முற்பாதியாகிய ‘கட்’, அதாவது வெட்டுத்திறன் மிகுந்த பசையால் தேய்த்தல், பயனும் அபாயமும் ஒருங்கே உடையது. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 ஆம் ஆண்டிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் உள்ள வண்டியையே பேணிக் காக்க வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. ஆதலின் இவ்விடயத்தை அறிந்து வைத்திருத்தல் நன்று.

முதலில் பூச்சின் அமைப்பை நோக்குவோம். இக்கால வண்டியின் உருக்குத் தகட்டின் மீது துருவைத் தடுக்கும் அடிப்பூச்சும், அதன்மேல் நிரப்புப் பூச்சும், அதன்மேல் நிறப்பூச்சும் உள்ளன. எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. இதனைப் பூச்சு வேலை செய்வோர் ‘கிளியர்’ என்பர். இவையனைத்தும் சேர்ந்த தடிப்பு, பெரும்பாலான வண்டிகளில் 100 முதல் 150 மைக்கிரோன் வரையே இருக்கும். ஒரு மைக்கிரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிளியர் படலம் மாத்திரம் ஏறத்தாழ 40 மைக்கிரோன். மனிதரின் தலைமயிரினும் மெல்லியது. நாம் காணும் பளபளப்பு முழுவதும் இப்படலத்தினுடையதே.

தேய்ப்புப் பசையில் அலுமினியம் ஒட்சைட்டுப் போன்ற கடினமான பொருளின் நுண்துகள்கள் கலந்திருக்கின்றன. இயந்திரத்திற் பூட்டிய கம்பளித் தட்டோ ஸ்பொஞ்சுத் தட்டோ சுழலும்போது, அத்துகள்கள் கிளியரைச் சீவி எடுக்கின்றன. கீறல் ‘அழிகின்றது’ என்று நாம் கூறினாலும், அது நிரப்பப்படுவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பே தாழ்த்தப்படுகின்றது. குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவது போன்றதன்று இது. பித்தளை தடித்தது, தலைமுறை தலைமுறையாகத் துலக்கினாலும் விளக்கு நிலைத்திருக்கும். கிளியரோ, ஒவ்வொரு கடும் தேய்ப்பிலும் சில மைக்கிரோனை இழக்கின்றது. இழந்தது மீள்வதில்லை.

இவ்விழப்பு அழகோடு மட்டும் நிற்பதன்று. சூரியனின் ஊதாக்கடந்த கதிர்களை உறிஞ்சிக் கீழுள்ள பூச்சுகளைக் காக்கும் பொருள்கள் கிளியரிற் கலந்துள்ளன. அது அளவுக்கு மீறி மெலிந்தால், வெயில் அதிகம் படும் கூரையிலும் முன்மூடியிலும் வெண்திட்டுகள் தோன்றிச் செதில் செதிலாக உரியத் தொடங்கும். அதன் பின்னர் எந்தப் பசையும் பயன்படாது. மீண்டும் பூச்சு அடிப்பதே வழி.

ஆகவே தேய்க்குமுன் சோதித்தல் வேண்டும். நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் தடைப்படுமாயின், அக்கீறல் தேய்த்து நீக்குவதற்கு மிக ஆழமானது என்று கொள்ளலாம். பூச்சின் தடிப்பை அளக்கும் சிறு கருவி கையிலிருப்பின் இன்னும் நன்று.

வேலை தொடங்குமுன் வண்டியை நன்கு கழுவி, ஒட்டியிருக்கும் துணிக்கைகளை அகற்றல் வேண்டும். கதவோரங்களிலும் மடிப்பு விளிம்புகளிலும் பூச்சு மெல்லியதாகையால், அவற்றைக் கடதாசி நாடாவால் மறைத்தல் அவசியம். பிளாஸ்டிக் பாகங்கள் வெப்பத்தை எளிதிற் கடத்தா; ஓரிடத்திலேயே இயந்திரத்தை நிறுத்தினால் பூச்சு கருகிவிடும். பின்பு இரண்டடிச் சதுரமான ஓரிடத்தில், மென்மையான பசையை முதலிற் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். அது போதாதவிடத்து மாத்திரமே கடும் பசையை நாடுதல் முறை. கடும் பசை தன் பங்குக்கு ஒரு மங்கலை விட்டுச் செல்லும். கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களில் இது தெளிவாகத் தெரியும். நுண்ணிய பசையும் மென்மையான தட்டும் கொண்டு அதனை நீக்கிய பின்னரே மெழுகு பூச வேண்டும்.

இன்னொரு செய்தியும் கவனத்துக்குரியது. சில பசைகளிலுள்ள எண்ணெய், கீறல்களை நிரப்பித் தற்காலிகமாக மறைத்துவிடும். வேலைத்தலத்திலிருந்து பளபளவென்று வெளிவந்த வண்டி, சில முறை கழுவியதும் பழைய கோலத்தைக் காட்டுவது இதனாலேயே. நீர் கலந்த ஐசோபுறப்பைல் அல்ககோலால் ஓரிடத்தைத் துடைத்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும்.

யாழ்ப்பாண வீதிகளில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய வண்டிகளின் காலத்தில் கிளியர் இருக்கவில்லை. அது 1980களிலேயே பரவலாயிற்று. அத்தகைய ஒற்றைப் பூச்சைத் தேய்த்தால், வண்டியின் நிறமே துணியில் ஒட்டும். எவ்வளவு போகின்றது என்பதை உரிமையாளர் கண்ணாற் கண்டனர். இக்காலத்துக் கிளியரோ நிறமற்றது. எவ்வளவு போயிற்று என்பதைத் துணி காட்டிக் கொடுப்பதில்லை. ஆதலால் ஆண்டுதோறும் ‘கட்’ அடிப்பது பராமரிப்பு ஆகாது. இரு வாளி நீர், ஒன்றில் சவர்க்காரமும் மற்றையதில் துணியை அலசுவதற்குத் தெளிந்த நீரும், மென்மையான துணி, நிழலில் நிறுத்தும் பழக்கம், இவையே பராமரிப்பு. கடும் பசை மருந்து போன்றது. நோய் கண்டபோது அளவறிந்து கொள்ளத்தக்கதேயன்றி, நாளும் உண்ணும் உணவன்று.